ஒட்டிலியா அடித்த குழாய்

ஒட்டிலியா பெர்முடெஸ் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளும் நானும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வரும்போது, "நகருடா ராஜா, பின்னாடி நிக்கிறவனுக்கும் வயிறு இருக்கு!" என்று அவள் போடும் அதட்டல் வாசல்வரை கேட்கும். அதட்டிய அதே கைதான் அந்த ராஜாவின் தட்டில் இன்னொரு கரண்டி மக்ரோனியும் போடும்.

பியூர்ட்டோ ரிக்கோவின் மலைச்சரிவில், காப்பித் தோட்டக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். வாலிப வயதில் ஒற்றைப் பெட்டியோடு நியூயார்க்கில் வந்து இறங்கினாள். ஜிப் தைக்கும் தொழிற்சாலை, கோழி உரிக்கும் கடை, கடைசியாக எங்கள் பள்ளிக்கூடம். கட்டிய கணவன் ஒரு கோடையில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தீவுக்குப் போனான். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அதைச் சொல்லும்போது அவள் அழுததில்லை, சிரிப்பாள். மளிகைக்காரன் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், அந்த விரலைப் பிடித்து எல்லோருக்கும் தெரிய உயர்த்துவாள். "இதையும் சேத்து நிறுத்திருக்கே. வெட்டிக் குடு, எடுத்துட்டுப் போறேன்."

அப்படிப்பட்டவளை ஒரு பிப்ரவரி மாலையில், வீட்டுக்கு வீடு ஆள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், சாப்பாட்டு நேரத்தில், ஒருவன் கத்தியால் குத்தினான். அவள் உதவி கேட்டாள். கட்டடம் முழுவதற்கும் கேட்டது. ஒருவர்கூட இறங்கி வரவில்லை.

எப்படி அப்படி ஆகும் என்று நினைப்பீர்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு அது புரியும். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க அடித்தளத்தில் பாய்லர் இருக்கும். அதிலிருந்து நீராவிக் குழாய்கள் ஒவ்வொரு வீட்டுச் சமையலறை வழியாகவும் உச்சி மாடிவரை ஏறும். கட்டடச் சொந்தக்காரர் எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்வார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெகிம், பாவம், பாய்லரை அணைத்துவிடுவான். விரல் விறைத்ததும் யாராவது ஒருவர் சூடு கேட்டுக் கரண்டியால் குழாயைத் தட்டுவார். மேல் வீடு பதிலுக்குத் தட்டும். எதிர் வீடும் சேர்ந்துகொள்ளும். நொடியில் கட்டடம் முழுக்க இரும்புச் சத்தம்தான். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் மல்கேஹி ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. மூன்றாம் மாடியில் சட்டையில்லாமல், பனியனோடு, சூப் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தட்டுவார். பெகிமுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குழாய் அலறத் தொடங்கியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக மச்சானின் காப்பிக் கடைக்கு நழுவிவிடுவான். ஆட்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் திரும்புவான்.

அந்த மாலை ஒட்டிலியா அழுக்குத் துணிக் கூடையோடு அடித்தளத்துக்குப் போனாள். சலவை இயந்திரங்களுக்குப் பின்னால் கிளிஃப் உட்கார்ந்திருந்தான். தெருமுனை மிட்டாய்க் கடை வாசலில் கார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்பானே, அவன்தான். பச்சைக் கட்டம் போட்ட கோட்டுக்காரன். பையைக் கேட்டான், கொடுத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கேட்டான். அதில் தொங்கிய மாதாவின் பதக்கம் அவள் அம்மா சாகும்போது கழற்றிக் கொடுத்தது.

"கைய கழுவிட்டு வாடா," என்றாள் ஒட்டிலியா. "அப்புறம் இதைத் தொடலாம்."

கத்தி தோளில் இறங்கியது. தடுத்த இடது கையில் இறங்கியது. குழாய் ஓரமாகச் சரிந்து விழுந்தாள். கையில் அகப்பட்டது, இயந்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பி. இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் குழாயில் அடித்தாள். அடித்தாள். அடித்துக்கொண்டே, "காப்பாத்துங்க! என்னைக் கொல்றான்!" என்று கத்தினாள்.

மூன்றாம் மாடியில் மல்கேஹி சூப் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஆஹா, ஆரம்பிச்சுட்டாங்கடி! எனக்கும் கால் விறைக்குது, கரண்டியை எடு!" என்றார் மனைவியிடம். தட்டினார். நான்காம் மாடி தட்டியது. இரண்டாம் மாடி தட்டியது. அவள் உயிருக்காக அடித்த அடிக்குக் கட்டடமே தாளம் போட்டது! அந்தத் தாளத்தில் அவள் குரல் அமுங்கிப்போனது. தரைத்தளத்தில் பெகிம் தொப்பியை மாட்டிக்கொண்டு, அடித்தளப் படிக்கு எதிர்த் திசையில் நடையைக் கட்டினான்.

சத்தம் கிளம்பியதும் முதலில் கிளிஃப் பயந்துதான் போனான். ஆள் வரப்போகிறது என்று படியைப் பார்த்தான். யாரும் வரவில்லை. அவன் முகம் மெல்ல மாறியதை ஒட்டிலியா கண்ணால் பார்த்தாள். சிரித்தான்.

"கேக்குதா? உனக்குத் தாளம் போடறாங்க," என்றான். குனிந்து, நிதானமாகச் சங்கிலியை அறுத்துக்கொண்டு, முற்றத்துப் படி வழியாக ஏறிப் போனான்.

காப்பிக் கடையிலிருந்து திரும்பிய பெகிம்தான் அவளைக் கண்டெடுத்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதானாம்.

உயிர் பிழைத்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரம், ஒவ்வொருவர் வாயிலும் ஒரு சமாதானம். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு மல்கேஹி கட்டில் பக்கத்தில் நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"சத்தியமா, சூடு கேக்கறாங்கன்னுதான்மா நெனச்சேன்."

"நான் கத்தினது?"

"அந்தச் சத்தத்துல எங்க கேக்கும்? கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்துது. புருஷன் பொண்டாட்டி சண்டையோன்னு..."

"நிறுத்திட்டு ஒரு நிமிஷம் காது குடுக்கத் தோணலையா?"

"கட்டடமே அடிச்சுதேம்மா. அத்தனை பேர் இருக்கோம். ஏதாச்சும் விஷயம்னா யாராவது இறங்கிப் போயிருப்பாங்கன்னு..."

ஒட்டிலியா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "யாராவதா? அவர் எந்த மாடில இருக்காரு மல்கேஹி? இத்தனை வருஷமா இருக்கேன், நான் அவரைப் பார்த்ததே இல்லையே. வாடகை எல்லாம் ஒழுங்கா குடுக்கறாரா?"

மல்கேஹியின் காது சிவந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் சோகக் கதை. ஆனால் கிளிஃபைப் பிடித்த போலீஸ் அதிகாரி வந்து ஒரு பேச்சு பேசினார். அடித்தள பல்பு மங்கல். சங்கிலியும் கத்தியும் கிடைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று அவன் வக்கீல் கேட்பார். அவன் வெளியே போவதைப் பார்த்த இன்னொரு கண் வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. அவன் பழையபடி தெருமுனைக்கு வந்துவிடுவான்.

ஒரே ஒரு சாட்சி. அதற்காகத்தான் ஒட்டிலியா அதன் பிறகு வாழ்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

முற்றத்துப் படிக்கு நேர் மேலே, தரைத்தளத்தில் மால்கா ஸிம்மரின் ஜன்னல். தையல்காரரின் விதவை, போலந்தில் பிறந்தவர். சிட்டுக்குருவிகளுக்கு ரொட்டித்தூள் போடுவதற்காக அதன் திரைச்சீலையை எப்போதும் ஒரு சாண் விலக்கியே வைத்திருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒட்டிலியா கவனித்துவிட்டாள். திரை மூடியிருந்தது. ஊசி குத்தி மூடியிருந்தது. குருவிகள் காலி ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

கதவைத் தட்டினாள். சங்கிலி போட்ட கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"தோன்யா மால்கா," என்றாள் ஒட்டிலியா. பெரிய மனுஷிகளை அவர்கள் ஊரில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். "அவன் படியேறிப் போனதைப் பார்த்தீங்க இல்ல?"

"நான் ஒண்ணும் பாக்கலம்மா. கண்ணு சரியா தெரியறதில்ல."

"குருவி மட்டும் தெரியுதா?"

கதவு மூடிக்கொண்டது.

இதற்குள் கிளிஃபின் மாமன் ஜாமீன் கட்டி அவனை வெளியே எடுத்துவிட்டான். அதே மிட்டாய்க் கடை வாசல், அதே பச்சைக் கோட்டு. ஒட்டிலியா வேலைக்குப் போகும்போது விசிலில் தாளம் போடுவான். நியூ ஜெர்சியிலிருந்து தங்கை நெரெய்டா வந்து அழுதாள். "பெட்டியைக் கட்டுக்கா. உனக்கு ஒரு அறை ஒழிச்சு வெச்சிருக்கேன். இந்தப் பாவிங்க நடுவுல இருந்து சாகாதே."

"நான் ஏன் போகணும்? குத்தினது நானா?"

"யாரும் சாட்சிக்கு வரமாட்டாங்க!"

"வருவாங்க. வர வெக்கிறேன்."

மறுநாள் எங்கள் சமையலறையில் சூப் ஊற்றும் பெரிய இரும்புக் கரண்டியைக் காணோம். கேட்டதற்கு, "எடுத்துட்டுப் போயிட்டேன். புகார் குடு," என்றாள்.

அப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. ஜன்னல்கள் திறந்துவிட்டன. அதே சாப்பாட்டு நேரம். அடித்தளத்துக்கு இறங்கிப் போய், தான் விழுந்த அதே இடத்தில் நின்று, ஒட்டிலியா குழாயில் ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும், ஒவ்வொரு சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலும் இரும்பு அலறியது. சூடு கேட்கிறார்கள் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. தினமும் அடித்தாள். கை ஓய்ந்ததும் மேலே ஏறி வந்து சாப்பிட்டுத் தூங்கினாள்.

மல்கேஹி மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து கத்தினார். "ஏ தாயே! வெயில் காலம் வந்தாச்சு! மனுஷனைச் சோறு திங்க விடமாட்டியா?"

"சூடு வேணாம் மல்கேஹி, ஆள்தான் வேணும்! இறங்கி வாங்க!"

"வந்து என்ன பண்ணணும்?"

"அதை அன்னைக்கே வந்து கேட்டிருக்கணும்!"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!"

"ஆமா! உங்க எல்லாருக்கும் தெளியற வரைக்கும் எனக்குத் தெளியாது!"

சொந்தக்காரர் மிரட்டியதாக பெகிம் கீழே வந்து கெஞ்சினான். "நிறுத்தும்மா, என் வேலை போயிடும்."

"சத்தம் கேட்டா ஓடிப்போறவன் நீ. இன்னைக்கு ஏன் வந்தே?"

பெகிம் நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டான். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு புது பல்பு கொண்டுவந்து, அந்த மங்கல் பல்பைக் கழற்றிவிட்டு மாட்டினான். அடித்தளம் பளிச்சென்று ஆனது. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அவள் அடித்து முடிக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தான். ஆனால் அவள் குத்துப்பட்ட அன்று அவன் எதையும் பார்க்கவில்லையே! அவன் சாட்சியால் என்ன பயன்?

ஒரு நாள் அடித்துக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மால்கா ஸிம்மர். வீட்டு அங்கியோடு, பித்தளைக் குமிழ் வைத்த கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பெகிம் எழுந்து கை கொடுத்தான். குழாயையும் தரையையும் பார்த்துவிட்டு அங்கேயே, ஒரு துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்து," என்றார். "என்னால தாங்க முடியல."

ஒட்டிலியா நிறுத்தினாள்.

"யுத்தத்தப்போ போலந்துல, நாஜிகளுக்குப் பயந்து நான் ஒரு நிலவறைல ஒளிஞ்சிருந்தேன். மேல பூட்ஸ் சத்தம். யாரு வாயைத் திறந்தாலும் செத்தோம். சத்தம் போடாம இருந்தவங்கதான் பிழைச்சோம். கதவைத் தட்டினா திறக்காதே, கேட்டா தெரியாதுன்னு சொல்லு. என் உடம்புல ஊறிப்போச்சும்மா அது. அவனைப் பார்த்தேன். கோட்டுல கையைத் துடைச்சுட்டே போனான். பார்த்த கையோட திரையை இழுத்து மூடினேன். நான் உயிரோட இருக்கற வழி அதுன்னு நெனச்சேன்."

 ஒட்டிலியா அவரைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. காத்திருந்தாள்.

"ஆனா நீ அடிக்க அடிக்க ஒண்ணு ஞாபகம் வந்துது," என்றார் மால்கா. "அந்த நிலவறை என்னோடது இல்லையே! யாரோ ஒருத்தியோடது. நான் தட்டினப்போ அவ கதவைத் திறந்தா. தெரு முழுக்கத் திரை போட்டிருந்துது. அவ ஒருத்திதான் திறந்தா. இத்தனை வருஷமா நான் சத்தம் போடாம இருந்ததால பிழைச்சேன்னு சொல்லிட்டுத் திரியறேன். பொய்! அவ திறந்ததால பிழைச்சேன்."

கண்ணீர் சுருக்கங்களில் இறங்கி ஓடியது. "எப்ப கோர்ட்டுக்கு வரணும், சொல்லு."

அப்போதுதான் ஒட்டிலியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மடங்காத விரல்களோடு மால்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் வாய்விட்டு அழுதார்கள். மாடிப்படியில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மல்கேஹியின் மனைவி ஓடிப்போய்க் கணவனிடம் சொன்னாள். அன்று அவர் சாப்பிடவில்லை என்று கேள்வி.

செய்தி தெருமுனைக்கும் எட்டியது. விசாரணைக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மால்கா ரொட்டிக் கடையிலிருந்து திரும்பும்போது கிளிஃப் பின்னாலேயே கட்டடத்துக்குள் நுழைந்தான். கதவைச் சாத்தினான்.

"கெழவி, நாளைக்கு உனக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியல. புரியுதா?" ரொட்டிப் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டிக் காலால் நசுக்கினான். "இல்லைன்னா, அந்தச் சமையக்காரிக்குக் கை. உனக்குக் கழுத்து."

மால்காவுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சுவரோரம் ஹீட்டரின் குழாய் இருந்தது. கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்துப் பித்தளைக் குமிழால் அடித்தார்.

ஒரே ஒரு அடிதான்.

மூன்றாம் மாடியில் மல்கேஹி சமையலறைக் கண்ணாடி முன் பாதி முகம் சவரம் செய்திருந்தார். சத்தம் கேட்டது. ஒட்டிலியா அடிக்கும் நேரம் இல்லை இது. கை பழக்கத்தில் கரண்டிப் பக்கம் போனது, நின்றது. "யாராவது" என்று மனதில் ஒரு வார்த்தை எழும்பியிருக்க வேண்டும். அதற்கு வாடகை கேட்ட பெண்ணின் முகமும் கூடவே எழும்பியிருக்க வேண்டும். சோப்பு நுரையோடு கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். படியில் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் முன்னாலேயே ஓடுகிறார். மேலிருந்து இன்னும் கால்கள், இன்னும் கதவுகள். அடித்தளத்திலிருந்து தொப்பியில்லாத பெகிம் கையில் ஸ்பானரோடு ஏறி வந்தான். முன்கூடம் நிறைந்துபோனது. சப்பாத்திக்கட்டை போன்ற உருளையோடு ஒருத்தி, ஈரத் துண்டோடு ஒருவர், வாயில் சாப்பாட்டோடு ஒருவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒட்டிலியா முன்னால் வந்தாள். கையில் கரண்டி.

கிளிஃப் சிரிக்கப் பார்த்தான். "என்ன, மறுபடியும் தாளமா?"

"தாளம் போட்டு முடிச்சாச்சுடா," என்றாள் ஒட்டிலியா. "இன்னைக்கு ஆடவே இறங்கியிருக்கோம்."

அவன் வாசலைப் பார்த்தான். வாசலில் மல்கேஹி நின்றார், பாதி முகத்தில் நுரையோடு. "பஸ்ஸுல ஏறிட்டா நடுவுல இறங்க விடமாட்டேன் தம்பி. கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துதான் ஆகணும்."

போலீஸ் வரும்வரை அவனை யாரும் அடிக்கவில்லை. சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். அதையே அவனால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் மால்கா ஸிம்மர் சாட்சிக் கூண்டில் ஏறினார். கண் தெரிகிறதா என்று வக்கீல் கிண்டலாகக் கேட்டபோது, மால்கா அவர் டையிலிருந்த கடுகுச் சாஸ் கறையைச் சுட்டிக் காட்டினார். கிளிஃப் சிறைக்குப் போனான். மாதாவின் பதக்கம் கிடைக்கவே இல்லை. மால்காவின் ஜன்னல் திரையிலிருந்து ஊசி போனது.

கோர்ட் வாசலில் மல்கேஹி மெதுவாக ஒட்டிலியாவின் பக்கத்தில் வந்தார். "இப்பவாவது எங்களை மன்னிச்சுட்டியாம்மா?"

"மன்னிச்சேன்னு யார் சொன்னது?" அவள் குரல் வீதி முழுக்கக் கேட்டது. "இந்த விரல் ரெண்டும் மடங்கட்டும், அப்புறம் யோசிக்கிறேன். அதுவரைக்கும் நான் உங்க பக்கத்து வீட்டுக்காரி. எங்கயும் போகமாட்டேன். தினமும் படியில என் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் நீங்க போகணும்."

சொன்னபடியே இருந்தாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. முதல் பனி விழுந்த சாயங்காலம் பாய்லர் அணைந்தது. மல்கேஹி சூப் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ யோசனையில், பழக்க தோஷத்தில், கரண்டியால் குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

அவ்வளவுதான். மாடிப்படி அதிர்ந்தது. கதவு படாரென்று திறந்தது. பெகிம் ஸ்பானரோடு, எதிர்வீட்டுக்காரர் நாற்காலியோடு, மால்கா கைத்தடியோடு, எல்லோருக்கும் முன்னால் ஒட்டிலியா பள்ளிக்கூடத்துக் கரண்டியோடு.

"எங்க அவன்? உங்களுக்கு எங்க அடி?"

மல்கேஹி பனியனோடு எழுந்து நின்றார். வாயிலிருந்த சூப்பை விழுங்கினார்.

"இல்லம்மா... வந்து... கொஞ்சம் குளிருது."

ஒட்டிலியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

"போட்டுக்கங்க. அந்தக் குழாய் சூட்டுக்கு இல்ல."